செவ்வந்தி வரத்து

ஆண்டிக்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில், பஸ் நிற்கிற இடத்தில், வேப்பமரத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பலகை போட்டுப் பூ விற்ற பவுனுத்தாயின் முழம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போனது. அவளுக்கு அது தெரியவில்லை. வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தும் அவர்கள் சொல்லவில்லை, ஏனென்றால் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து கொடுக்கிற ஊரில் விற்கிறவளின் கை வளர்ந்தால் லாபம் வாங்குகிறவர்களுக்குத்தானே.

முதலில் மோதிரம். கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம் விரலுக்குள் புதைந்து, சோப்புப் போட்டும் எண்ணெய் விட்டும் கழலாமல், கடைசியில் ஆசாரி அரம் வைத்து அறுத்து எடுத்தார். பிறகு பெண்கள் செருப்பு எதுவும் காலுக்குச் சேராமல் ஆம்பளைச் செருப்புக்கு மாறினாள். மூக்கு தடித்தது, கீழ்த்தாடை முன்னால் வந்தது, பல்லுக்குப் பல் சந்து விழுந்தது, நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் வார்த்தைகளை அமுக்கியது, குரல் சளி கட்டிய ஆம்பளைக் குரலாக இறங்கியது. தினம் பார்க்கிற கண்ணுக்கு இது எதுவும் படவில்லை. வயசாகுதுல்ல என்றார்கள், உழைச்ச உடம்பு அப்படித்தான் என்றார்கள். தைராய்டா இருக்கும், ஒரு டாக்டரைப் பாரு என்று அக்கறையாகச் சொன்னவர்கள்கூட, கூடுதலாகக் கிடைத்த மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

கண்டுபிடித்தது வெளியூரில் இருந்த ஆள்தான். அந்தப் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப்பேர் வடக்கே முறுக்குக் கம்பெனிகளில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவன் பவுனுத்தாயின் புருஷன் சுருளிவேல். ஒரு பொங்கல் விட்டு ஒரு பொங்கல் வந்துபோனவன், நடுவில் ஏதேதோ காரணத்தால் சில பொங்கல்களைத் தவறவிட்டு, ஒரு தை மாதம் பெட்டியோடு வந்து இறங்கினான். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்து, பவுனு இன்றைக்குக் கடைக்கு வரவில்லை, யாரோ ஆள் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கடந்து நடந்தான். பின்னாலிருந்து கனத்த குரல் ஒன்று, "என்னங்க, நான் இங்க இருக்கேன்" என்றது.

அவன் மறுபடி கம்பெனிக்குப் போகவில்லை. பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றுதான் தங்கிவிட்டான் என்று ஊர் நினைத்தது. அது உண்மைதான். ஆனால் அதற்குள்ளே இன்னொன்று இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து, நாலு வயசு ஓடி ஆடிவிட்டு, காய்ச்சலில் செத்துப்போயிருந்தது. பேரு செவ்வந்தி. சுருளிவேல் அதைப் பார்த்தது இரண்டே தடவை, பிறந்த மாதம் ஒருமுறை, காது குத்துக்கு ஒருமுறை. காது குத்தும்போது அவன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். புது ஆளைப் பார்த்துக் கத்திய கத்தலில் முகம் முழுக்க வாயாகத்தான் இருந்தது. அவனுக்கு இப்போது நினைவிருப்பது காது மடலில் நின்ற ஒரு சொட்டு ரத்தம் மட்டும். போட்டோ எடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். ஊராருக்குப் பிள்ளை ஒன்று ஓடி ஆடியது நினைவிருந்தது, முகம் கலைந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் உலகத்தில் பவுனுத்தாயின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. தாயின் சாடையை வைத்தாவது அந்த முகத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்று அவன் வடக்கே படுத்துக் கிடந்த நாட்களில் நினைத்ததுண்டு. வந்து பார்த்தால் அந்தச் சாடையின் மேலேயே வேறொரு முகம் வளர்ந்து மூடியிருந்தது.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பவுனுத்தாயின் கையைத் தன் கையோடு ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். யாரைச் சொல்ல, சுருளிவேல் தரையைப் பார்த்தான்.

"மூளைக்கு அடியில, மூக்குக்குப் பின்னாடி பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்குங்க ஐயா. உடம்பை வளரச் சொல்ற சுரப்பி. அதுல ஒரு கட்டி வந்து, வளர்ற வயசு முடிஞ்ச பிறகும் வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

கையும் காலும் மட்டும் வளர்ந்தால் போகிறது, அந்த வளர்ச்சி ஹார்மோன் ஞாபகம் தங்குகிற இடத்திலும் போய்ப் பாய்கிறது, வருஷக்கணக்கில் பாய்ந்தால் மறதி வரும், யோசனை மெதுவாகும், ஒரு காரியத்தைத் தொடங்கினால் அடுத்து என்ன என்பது பிடிபடாது, காரணமில்லாமல் மனசு இறங்கும், இதைக் கிறுக்கு என்றோ சோம்பேறித்தனம் என்றோ யாரும் சொல்லக்கூடாது என்று டாக்டர் விளக்கினார். மூக்கு வழியாகவே கட்டியை எடுக்கலாம், அதுவரை ஊசி போட்டுக் கட்டியைச் சுருக்கலாம் என்றார். எடுத்த பிறகு மறந்ததெல்லாம் திரும்பி வருமா என்று சுருளிவேல் கேட்டதற்கு, கொஞ்சம் தெளிவு வரும், எல்லாம் வரும் என்று கையடித்துச் சொல்ல மாட்டேன் என்றார்.

உண்மையில் மறதி அதற்கு முன்பே வந்து குடியேறிவிட்டது. மல்லிகையும் கனகாம்பரமும் மாறி மாறிக் கட்டுகிறவள், நாரைக் கையில் பிடித்தபடி அடுத்து எந்தப் பூ என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். யோசனை வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிற்கிற மாதிரி இருக்குங்க என்பாள். நெற்றிப்பொட்டு இரண்டையும் தடித்த கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டு, தலைவலி போனதும் வரும், போனதும் வரும் என்பாள்.

அந்த மாசியில்தான் டீக்கடைப் பரமனுக்கு அது நடந்தது. சாமி படத்துக்கு வழக்கமாக வாங்குகிற பூவை அவள் கையிலிருந்து வாங்கியவன், வாங்கிய மாத்திரத்தில் தான் ஏழு வயதில் கிணற்றில் விழுந்ததையும், சித்தி ஒருத்தி சடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டதையும், சடையின் வேர் ஒரு வாரம் வலித்ததையும் நினைத்துக்கொண்டான். பரமனுக்குச் சித்தியும் கிடையாது, சடையும் இருந்ததில்லை. பவுனுத்தாயிடம் சொன்னபோது, பாவம் அண்ணே, அப்புறம் பொழைச்சுக்கிட்டீகளா என்று அவள் அக்கறையாக விசாரித்தாள். சுருளிவேலின் அண்ணன் பெண்டாட்டி ஒச்சம்மாள்தான் கேட்டுவிட்டு, ஏ பரமா, அது எங்க பவுனு விழுந்த கெணறுடா, அவளே எனக்குச் சொல்லியிருக்கா என்றாள். அன்றைக்கிலிருந்து பரமன் கிணற்றுப் பக்கம் போவதில்லை, டீக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. மறக்கிறது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும், பக்கத்தில் கை இருந்தால் கையைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள்.

பிறகு வரிசையாக நடந்தது. கண்டக்டர் ஒருவர் பவுனுத்தாயின் அம்மா வைத்த அயிரைமீன் குழம்பின் ருசியை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் பெண்டாட்டி வைக்கிற குழம்பை எல்லாம் தள்ளிவிட்டு இளைத்துப் போனார். முடிவெட்டுகிற செல்லையா அவள் வயசுக்கு வந்த நாளின் பயத்தை வாங்கி, குடிசைக்குள் உட்கார்ந்த பிள்ளைபோல இரண்டு நாள் கடையைத் திறக்காமல் இருந்தார், அதற்குப் பிறகு தன் மகள்களிடம் குரலை உயர்த்தியதில்லை. ஊராட்சித் தலைவர் மாலை வாங்கியபோது, ரேஷன் வரிசையில் நிற்கிற ஒருத்தியின் கண் வழியாகத் தன்னையே பார்த்தார், பார்த்தது பிடிக்கவில்லை, மாலையைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கிப்போனார். பிள்ளையில்லாத அங்காளபரமேஸ்வரி என்பவள் பிரசவ வலியாவது கிடைக்காதா என்று தினமும் வந்து இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எருமை கழுவுவதும், கள்ளிச்செடி குத்தியதும், அடிவாங்கிய ஒரு சாயங்காலமும்தான்.

கொடுத்தவளுக்கு அந்த இடம் வெறும் இடமாகிவிடும். ஒச்சம்மாள் பொறுப்பாக ஒவ்வொருத்தரிடமும் கேட்டுவந்து, இது உன்னோடது தாயி, ஞாபகம் வச்சுக்க என்று திருப்பிச் சொல்வாள். பவுனுத்தாய் மடியில் பூவைப் போட்டுக்கொண்டு, ஊர்க்கதை கேட்கிற மாதிரி கேட்பாள். அப்படியாக்கா, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா என்பாள். சொல்லித் திரும்புவதற்கு அது பாடமில்லையே.

பங்குனிப் பொங்கல் நெருங்கியபோது பூசாரி பிரச்சனையைக் கிளப்பினார். அம்மனுக்குச் சாத்துகிற மாலையை அவள் கையால் வாங்கினால் தனக்குக் கண்டவள் ஞாபகமெல்லாம் வருகிறது, மந்திரத்துக்கு நடுவில் மாமியார் சண்டை வருகிறது என்றார். ஊர் கூடிப் பேசியது. அவளிடம் வாங்கக்கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், அந்த ஊர் அவ்வளவு கெட்ட ஊரில்லை, முழமும் நீளம். உப்பை யாராவது கையிலிருந்து கையில் வாங்குகிறார்களா, சண்டை வரும் என்று கீழே வைக்கச் சொல்லி எடுக்கிறோம் இல்லையா, அதேபோல் இருக்கட்டும் என்று முடிவானது. மறுநாளிலிருந்து, "பலகையில வச்சிரு பவுனு, எடுத்துக்கிறேன்" என்றார்கள். பிரியமாகத்தான் சொன்னார்கள்.

அப்படிச் செய்ததால் மறதி நிற்கவில்லை. பவுனுத்தாய் பூவைப் பலகையில் வைப்பாள், அந்த நேரத்தில் அவளிடமிருந்து கழன்றது பலகையில் விழும், வாங்குகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பூவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். விழுந்தது யாருக்கும் இல்லாமல் வாடிப்போகும். பலகையிலிருந்து உதிர்ந்ததைத் தின்கிற ஒரு வெள்ளாடு சாயங்காலமானால் அடுத்த ஊருக்கு நடந்துபோய், அவள் பிறந்த வீடு இருந்து இடிந்துபோன மண்மேட்டின் முன்னால் நின்று கத்தியது. ஆட்டுக்காரன் தினமும் போய் ஓட்டிவந்தான், அதற்கு மேல் அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

சுருளிவேலுக்கு இது மெல்லப் புரிந்தது. என்றைக்காவது ஒருநாள் செவ்வந்தியும் கழன்று விழும். அது பலகையில் விழுந்தால் முடிந்தது, அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. அதனால் அவன் ஒருத்தன் மட்டும் கையை நீட்டினான். காலையில் கடை விரித்ததும் முதல் முழம் அவனுக்கு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், கெழவனுக்கு இந்த வயசுல பூ வாசம் கேக்குதாம்ல என்று கேலி செய்தார்கள். பரமன், விடுங்கப்பா, வடக்க இருந்தப்ப வச்சுவிடாத பூவையெல்லாம் சேர்த்து வைக்கிறாரு என்றான். சுருளிவேல் அவள் உள்ளங்கையைத் தன் உள்ளங்கையால் ஏந்தி வாங்குவான்.

அவனுக்கு வந்ததெல்லாம் சில்லறை. பருப்பு தீய்ந்த வாசனை, ஒரு புடவையின் கரை, தேர்தலுக்கு ஓட்டுப் போட நின்ற வெயில், ஒச்சம்மாளோடு பேசாமல் இருந்த ஒரு வருஷம். வரும்போதெல்லாம் அவன் கண்ணை மூடித் தேடுவான், ஓரத்திலாவது ஒரு பிள்ளை நிற்கிறதா என்று. இல்லை. தேடி முடித்ததும் பயம் பிடித்துக்கொள்ளும், தனக்குக் கிடைக்காதது வேறெங்கும் போய்விட்டதோ என்று. உடனே, "பவுனு, செவ்வந்தி?" என்று கேட்பான். அவள் பெரிய தாடை லேசாக நடுங்கும், பூக்கட்டுகிற கை நின்றுவிடும். அந்த நடுக்கத்தைப் பார்த்தால்தான் அவனுக்கு மூச்சு வரும். இன்னும் இருக்கிறது. பெற்ற வயிற்றைக் குத்திப் பார்த்து நிம்மதி அடைகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் கூசுவான், ஆனாலும் மறுநாளும் கேட்பான்.

ஆனியில் ஒருநாள் மத்தியானம் அவன் கையை நீட்டி வாங்கிய கதம்பத்தோடு வந்தது காத்திருப்பு. காய்ச்சல் கண்ட நாளில் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னது, தீபாவளி லோடு ஏற்றிவிட்டு வருகிறேன் என்று அங்கிருந்து வந்த பதில், அதன் பிறகு இதே வேப்பமரத்தடியில் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தது, ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது நெஞ்சு எழும்பியது, இறங்கியவர்களைக் காலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்து முகத்தில் ஏமாந்தது, ஒச்சம்மாள் வந்து, இதுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுடி, எடுத்திரலாம் என்றது, எடுத்தது, எடுத்த பிறகும் வந்து உட்கார்ந்தது. அத்தனையும் இருந்தது. மடியில் கனமாக எதுவோ இருந்தது, அதன் முகம் மட்டும் இல்லை, அது இன்னும் அவளிடமே இருந்தது. சுருளிவேல் கதம்பத்தைக் கையில் பிடித்தபடி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, அன்றைக்குத் தான் வராத அந்த ரோட்டைப் பார்த்தான். பவுனுத்தாய் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பல வருஷத்தில் அவனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அவன்மேல் இருந்த வெறுப்பு அவளிடமிருந்து இறங்கி அவனிடமே வந்துவிட்டது, அவனும் அன்றிலிருந்து தன்னைக் கண்ணாடியில் பார்ப்பதை விட்டான்.

ஆடி பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை வந்து சேர வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை கடை போட வேண்டாம் என்று சுருளிவேல் சொன்னான். கட்டின பூ வீணாப் போகும்ங்க, சாயங்காலம்வரை இருந்துட்டு வாரேன் என்றாள். அவன் ரத்தம் கொடுக்க ஆள் பிடிக்க அலைந்தான். அண்ணன் மகன் ஒருத்தன் சரி என்று சொல்ல, அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு விலக்குக்கு வந்தபோது, குமுளிக்குப் போகிற பஸ் ஒன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. பவுனுத்தாய் பஸ்ஸின் பக்கத்தில், பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்த இடத்தில் பலகை உண்டு, பஸ் ஜன்னலுக்குப் பலகை ஏது. வெளியூர்க் கைகள் ஜன்னல் வழியாக நீளும், அவள் அண்ணாந்து அந்தக் கைகளில் வைத்துவிடுவாள், அது எத்தனையோ வருஷத்துப் பழக்கம். ஊரே உப்புக்கணக்கு பேசியபோது ஒருத்தருக்கும் ஜன்னல் ஞாபகம் வரவில்லை, சுருளிவேலுக்கும் வரவில்லை. பஸ் போனது. அவள் தூசிக்குள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பவுனு?"

"ஒண்ணுமில்லைங்க. இடுப்புல என்னமோ இருந்து இறங்குன மாதிரி இருக்கு. கூடைதான்போல."

கேட்க வேண்டாம் என்று நினைத்தான், கேட்காமலும் இருக்க முடியவில்லை. "செவ்வந்தி?" என்றான்.

"செவ்வந்தியா?" அவள் கூடையைத் துழாவினாள். "இன்னைக்கு வரத்து கம்மிங்க. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கே நாலு மூட்டைதான் வந்துச்சாம். உங்களுக்கு வேணும்னா நாளைக்கு எடுத்து வைக்கவா?"

தாடை நடுங்கவில்லை.

அவன் பஸ் போன திக்கில் ஓடினான். ஓடி என்ன செய்வது, கிழட்டுக் கால். பரமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடை வரை போய்த் திரும்பினான். எத்தனை கை வாங்கியது, யார் கை, எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். தலைவலி நின்றது, வேர்வை நின்றது, முகத்தின் ஊதல் கொஞ்சம் வடிந்தது, எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், அது திரும்பாது என்றார்கள். மல்லிகைக்குப் பிறகு கனகாம்பரம் என்பது அவள் விரலுக்கு மறுபடி தெரிந்தது, சில்லறை தப்பவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் புதிதாக மறக்கவும் இல்லை, அவள் கையிலிருந்து யாருக்கும் எதுவும் வரவும் இல்லை. ஆனால் ஊர் பலகையிலிருந்தே எடுத்தது, பழகிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். பழைய ஞாபகம் டாக்டரம்மா என்று சுருளிவேல் இழுத்தபோது, பொறுமையா இருங்க ஐயா, பக்கத்துல இருந்து பேசிக்கிட்டே இருங்க என்றார். என்ன பேசுவது? பேசுவதற்கு அவனிடம் ஒரு சொட்டு ரத்தமும் ஒரு காத்திருப்பும்தான் இருந்தன.

ஊர் அவனுக்காகத் தேடியது. வெட்கப்படாமல் தேடியது. விலக்கில் எந்த பஸ் நின்றாலும் பரமனோ செல்லையாவோ ஏறி, யாருக்காவது பெறாத பிள்ளை ஞாபகம் இருக்கா என்று கேட்டுவிட்டு இறங்குவார்கள். குழம்பு ருசிக்கு இளைத்த கண்டக்டர் தன் வண்டியில் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் கேட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், ஒரு கிழவர் எனக்கு ஒரு பையன் ஞாபகம் இருக்கு ஆனா அது நான் பெத்ததுதான் என்று சொல்லிவிட்டு அழுதார். அங்காளபரமேஸ்வரி அன்றைக்கு ஏன் விலக்குக்குப் போகாமல் இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஐப்பசி மழை வந்தது, கேட்பது மெல்லக் குறைந்தது, கார்த்திகையில் நின்றுபோனது.

மார்கழி முடியப்போகிற ஒரு காலையில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, தோளில் துணிப்பை. வேப்பமரத்தைப் பார்த்தாள், டீக்கடையைப் பார்த்தாள், மரத்தின் அடியில் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்த ஒரு பொந்தில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பரமன் டீயை ஆற்றுவதை நிறுத்தினான். சுருளிவேல் பெஞ்சிலிருந்து எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

பவுனுத்தாய்தான் முதலில் போனாள். கையைப் பிடித்து அழைத்துவந்து தன் பலகையை ஒதுக்கி உட்கார வைத்தாள், பரமனிடம் ஒரு டீ சொன்னாள். அந்தப் பெண் தன் பேர் ஜெசிந்தா என்றாள், தையல் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆடியில் குமுளி போகும்போது இங்கே ஜன்னலில் ஒரு முழம் செவ்வந்திப்பூ வாங்கினேன், வாங்கி மடியில் வைத்ததும் எனக்கு ஒரு பிள்ளை பிறந்து செத்துப்போயிருந்தது என்றாள். யாரிடமும் சொல்ல முடியவில்லை, சிஸ்டரிடம் சொன்னேன், ஜெபம் செய்தார்கள், போகவில்லை, போகவேண்டும் என்று எனக்கும் ஆசையில்லை, அவள் நின்ற இடத்தையாவது பார்க்கலாம் என்று இந்த மரத்தைத் தேடி ஒவ்வொரு விலக்காக இறங்கி வருகிறேன் என்றாள்.

"பேரு என்ன தாயி பிள்ளைக்கு?" என்று பவுனுத்தாய் கேட்டாள்.

"செவ்வந்தி. அவளுக்குச் சொல்ல வராது. தெவ்வந்தின்னுதான் சொல்லுவா."

"பாவமே" என்றாள் பவுனுத்தாய்.

ஜெசிந்தா சொல்லச்சொல்ல பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட ஏறாமல் நின்றார்கள். வாழைநாரைக் கால்விரலில் சுற்றிக் கொலுசு என்று காட்டுவாள். உதிர்ந்த பூவை மரப்பொந்தில் ஒளித்துவைத்து, மரம் பூத்திருக்கு என்று கத்துவாள். எந்த பஸ் வந்தாலும் அப்பா வண்டி என்பாள், லாரிக்கும் சொல்லுவாள், மாட்டு வண்டிக்குக்கூடச் சொல்லியிருக்கிறாள். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதும் ஹாரன் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவாள்.

சுருளிவேல் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "முகம்" என்றான். அதற்குமேல் வரவில்லை. பிறகு, "முகம் எப்படிம்மா இருக்கும்?" என்றான்.

ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். "மூக்கு உங்களது மாதிரி இருக்கும். நெத்தியும் தாடையும்..." என்று சொல்லிக்கொண்டே பவுனுத்தாயின் பக்கம் திரும்பியவள், அந்த அகலமான நெற்றியிலும் முன்னால் வந்த தாடையிலும் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் தலையை அசைத்தாள். "வேற யார் மாதிரியோ இருக்கும். சொல்லத் தெரியலை. சிரிச்சா ஒரு கண்ணு மட்டும் சின்னதாகும்."

சுருளிவேல் ஒரு கண்ணைச் சின்னதாக்கிப் பார்த்துக்கொண்டான், தனக்குள்ளே, அந்தப் பிள்ளைக்கு அதைப் பொருத்திப் பார்க்கிறவன்போல. அவ்வளவுதான் கிடைத்தது, ஒரு மூக்கும் ஒரு சின்னக் கண்ணும்.

பவுனுத்தாய் ஜெசிந்தாவின் கன்னத்தைத் தன் தடித்த கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். பெற்று வளர்த்து மண்ணில் வைக்கிறது லேசா என்றாள், எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை, அந்தத் துக்கமும் இல்லை என்றாள். ஒச்சம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"அப்பன்காரன் வந்தானா? கடைசியில பிள்ளை மூஞ்சியைப் பார்த்தானா?" என்று பவுனுத்தாய் கேட்டாள்.

ஜெசிந்தா யோசித்தாள், நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தாள். "அது மட்டும் எனக்கு ஞாபகத்துல இல்லைம்மா. அந்த இடம் வெறுமனே இருக்கு."

"வந்திருப்பான்" என்றாள் பவுனுத்தாய். "அப்பா வண்டி அப்பா வண்டின்னு சொன்ன பிள்ளை. வராம இருந்திருப்பானா? என்னங்க, நீங்க சொல்லுங்க."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். வந்தான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, மறுத்துச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் மனசு வராது. சுருளிவேல் வாயைத் திறந்தான். ரோடு வடக்கே வெறிச்சென்று கிடந்தது.

"வரலை" என்றான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காய்ச்சல் கண்ட அன்னையிலிருந்து இந்த மரத்தடியிலதான் உக்கார்ந்திருந்தேன் பவுனு. ஒவ்வொரு வண்டியாப் பார்த்தேன். எடுத்த பிறகும் வந்து உக்கார்ந்து பார்த்தேன். எதுலயும் வரலை."

சொல்லி முடிக்குமுன் அவன் உடைந்து, பலகையின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். பவுனுத்தாய் கொஞ்சம் பயந்துபோனாள். அவன் முதுகில் தன் அகலமான கையை வைத்து, மேலும் கீழுமாகத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதீங்க" என்றாள். "யாரு பெத்த பிள்ளையோ, அதுக்குப் போயி இப்படி அழுறீங்களே."